இருநூற்றுப் பன்னிரண்டாவது கண்ணி

பிப்ரவரி 9

வாலுவுக்கு,

நான் போனை எடுக்காததற்கு உன் அண்ணன் சொல்லும் காரணத்தை நம்பாதே. எனக்குத் தொண்டைக்கட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், எதற்காகப் பேச ஆரம்பித்தோம் என்பதே இரண்டு பேருக்கும் மறந்துபோகும். பத்தொன்பது வருஷமாகத் துறைமுக யார்டில் நங்கூரச் சங்கிலிகளைப் பரிசோதிக்கிறவள் நான். காகிதத்தில் இருப்பதைத்தான் நம்புவேன். நீயும் காகிதத்திலேயே பதில் சொல்.

உன் அண்ணன் நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். இடது முழங்காலுக்குக் கீழே நான்கு கம்பிகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. "பாருங்க, நானே ஒரு கிரேன் மாதிரி ஆயிட்டேன்" என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் சிரிக்கிறார். அவர்கள் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். கம்பெனி ஒரு பழக்கூடை அனுப்பியது. அதிலிருந்த வாழ்த்து அட்டையில் அவர் பெயருக்குப் பதிலாக அவர் வேலை பார்த்த இழுவைப் படகின் பெயரை எழுதியிருந்தார்கள். படகு விரைவில் நலம் பெற வேண்டுமாம்.

கூடையைக் கொண்டுவந்த ஆளே எனக்கு ஓர் உறையையும் நீட்டினான். விசாரணை முடியும்வரை நான் யார்டுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது. காரணத்தை அப்படியே எழுதுகிறேன்: "முதலாம் காற்றாலை மிதவையின் சங்கிலியை இழுத்து இறுக்கும்போது 429-ஆம் கண்ணி உடைந்தது. அதிலிருந்த விரிசலை யார்டுப் பரிசோதகர் கவனிக்கத் தவறியுள்ளார்." அதாவது என் புருஷன் காலை நானே உடைத்தேன் என்று கை கூசாமல் டைப் அடித்து, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அடையாள அட்டையைக் கேட்டில் ஒப்படைக்கச் சொன்னார்கள். காவலாளி அதை வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அந்த மனுஷனுக்கு எத்தனை நாள் டீ வாங்கிக் கொடுத்திருப்பேன்!

உறையில் உடைந்த கண்ணியின் போட்டோ ஒன்றும் இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்ணியின் உள்வளைவில் மஞ்சள் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது என் பெயிண்ட். விரிசல் இருக்கிற கண்ணிக்கு மட்டும்தான் நான் மஞ்சள் அடிப்பேன். என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்தச் சங்கிலியில் நான் விரிசல் என்று எழுதியது ஒரே ஒரு கண்ணி. எண் 212. வெட்டி எடுத்துவிட்டுப் புதிது போட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

212 எப்படி 429 ஆனது? அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை போடுகிற கணக்கைப் போட்டேன். சங்கிலியில் மொத்தம் 640 கண்ணி. நங்கூரத்துப் பக்கமிருந்து எண்ணினால் 212-ஆவது வருவது, மிதவைப் பக்கமிருந்து எண்ணினால் 429-ஆவது வரும். நாங்கள் எண்ணிய முனை வேறு, எதை வெட்ட வேண்டும் என்று ஆபீஸிலிருந்து வரும் தாளில் எண்ணிய முனை வேறு. நல்ல கண்ணியை வெட்டிப் போட்டுவிட்டு, விரிசல் விட்ட கண்ணியைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வெட்டுத் தாளின் நகலையும் வாங்கிப் பார்த்துவிட்டேன். கீழே உன் கையெழுத்து.

எண்ணுகிற முனையை மாற்றியது யார்? மாற்றியதை எனக்கு ஏன் சொல்லவில்லை? இந்த இரண்டுக்கும் பதில் எழுது. நலம் விசாரிப்பதெல்லாம் பிறகு.

அண்ணி

*

பிப்ரவரி 14

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீஸ் கழிப்பறையில் நின்றுகொண்டு படித்தேன். எங்கள் மாடியில் கதவு உள்ள இடம் அது ஒன்றுதான். சட்டப் பிரிவிலிருந்து எங்கள் எல்லோருக்கும் எழுத்தில் வந்திருக்கிறது: விபத்தைப் பற்றி யார்டில் இருக்கும் யாரோடும் போனிலோ மெயிலிலோ பேசக் கூடாது. கடிதம் என்று அவர்கள் எழுத மறந்துவிட்டார்கள்.

முனையை மாற்றியது நான்தான். அதை மறுக்கவில்லை. ஆனால் விளையாட்டாக மாற்றவில்லை. காற்றாலை மிதவைமேல் நிற்கிறது. அலையில் மிதவை ஆடுகிறது. ஆட்டம் மேலிருந்து சங்கிலி வழியாகக் கீழே இறங்குகிறது. அதனால் எங்கள் கணக்கு முழுவதும் மிதவை முனையிலிருந்துதான் தொடங்கும். ஒவ்வொரு முறையும் உங்கள் எண்ணைத் திருப்பிப்போட்டுக் கணக்கிடும்போது தப்பு வருகிறது என்று மேலாளர் சொன்னார். அதனால் எங்கள் ஆவணத்தின் நான்காம் திருத்தத்தில், எல்லாவற்றையும் மிதவை முனையிலிருந்தே எண்ண வேண்டும் என்று மாற்றினேன். நீங்கள் விரிசல் எண் எழுதும் சங்கிலிப் பட்டியல்களையும் அதன்படி திருப்பிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்பதாம் பக்கத்தில் குறிப்பும் எழுதியிருக்கிறேன். ஏழு பேருக்கு மெயில் போனது. உங்கள் யார்டு அலுவலகமும் அதில் உண்டு. அவர்கள் "தகவலுக்கு மட்டும்" என்று முத்திரை குத்தி அலமாரியில் வைத்திருக்கிறார்கள். அந்த முத்திரையை நான் குத்தவில்லை.

நான் மறைத்தேன் என்று மட்டும் நினைக்காதீர்கள், அண்ணி. உடைந்தது என் அண்ணன் கால்.

உங்களுக்கே நேராகச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொல்லியிருக்கலாம்தான். போன வருஷம் யார்டுக்கு வந்தபோது ஞாபகம் இருக்கிறதா? ஒரு சந்தேகம் கேட்டேன். பதினைந்து பேர் நடுவில் "கம்ப்யூட்டர்ல இருக்குற சங்கிலி துருப்பிடிக்காதுடி வாலு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அதன்பிறகு இரண்டு மாதம் ஆபீஸில் என்னை வாலு என்றே கூப்பிட்டார்கள். வேலை விஷயமாக உங்களிடம் வாய் திறக்க அன்றிலிருந்து எனக்கு மனம் வரவில்லை. இதை இப்போது எழுதுவது சின்னத்தனம் என்று தெரிகிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

அண்ணனுக்கு வலி எப்படி இருக்கிறது? அம்மா தினமும் கேட்கிறார்கள். வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 19

வாலுவுக்கு,

ஒன்பதாம் பக்கமா! எறும்பு ஊர்ந்த மாதிரி ஒரு வரி, அதுவும் அடிக்குறிப்பில். என் நண்பர் ஒருவர் அலமாரியிலிருந்து எடுத்து நகல் அனுப்பினார். நான் கண்ணாடி போட்டு, ஜன்னலோரம் போய், விரலை வைத்துத் தேடினேன். நீங்கள் அங்கே உட்கார்ந்து தலையைக் காலாக்கிக் காலைத் தலையாக்குவீர்கள், அதை அடிக்குறிப்பில் சொல்வீர்கள், அது கண்ணில் படவில்லை என்றால் நாங்கள் கவனக்குறைவானவர்கள்! சங்கிலி செய்கிறவன் நங்கூர முனையில் இருக்கிற கண்ணியில்தான் 1 என்று அடித்து அனுப்புகிறான், மற்றதை அங்கிருந்து எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். கடலுக்குள் முதலில் போவது நங்கூரம். அது இரும்பில் அடித்த எண். நீ மாற்றியது காகிதத்தில் இருக்கிற எண்.

பதினைந்து பேர் நடுவில் கிண்டல் செய்தது என் தப்பு. எனக்கு அது ஞாபகமே இல்லை. அதுவும் தப்புதான். ஆனால் அதற்கும் இதற்கும் முடிச்சுப் போடாதே.

வீட்டுக்காரம்மா நேற்று உன் அண்ணனைப் பார்க்க வந்தார். "கடல் நடுவுல ஃபேன் போட்டா யாருக்கும்மா காத்து?" என்று கேட்டார். உன் அண்ணனுக்கு வந்ததே உற்சாகம்! ஆழம் குறைந்த இடத்தில் கம்பத்தைத் தரையில் நட்டுவிடலாம், ஆழம் கூடினால் நட முடியாது, அதனால் மிதக்கவிட்டுச் சங்கிலியால் கட்டிப்போடுகிறோம், ஒரு கண்ணியின் எடைக்கு என் பெண்டாட்டியும் தங்கச்சியும் சேர்ந்தால்கூட ஈடாகாது என்று அரை மணி நேரம் பாடம் நடத்தினார். தம்ளரையும் நூலையும் வைத்துச் செய்தே காட்டினார். பதினோரு நாளில் அன்றுதான் அவர் குரல் பழைய குரலாக இருந்தது. நான் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். கண்ணி வெட்டுகிற குழுவின் மேஸ்திரி நேற்று வந்திருந்தார். ஒப்பந்தக்காரர் ஆள், கம்பெனிக்காரர் இல்லை. செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னார்: "அம்மா, அந்த 212-ல மஞ்சள் பெயிண்டே இல்லைம்மா. புதுசு மாதிரி பளபளன்னு இருந்துச்சு. எனக்கே மனசு ஒப்பல. ஆபீசுக்கு போன் போட்டேன். அங்கிருந்து யாருக்கோ மாத்தி விட்டாங்க. ஒரு லேடி எடுத்தாங்க. மழையில கழுவிட்டுப் போயிருக்கும், தாள்ல இருக்கறபடி வெட்டுங்கன்னு சொன்னாங்க. வெட்டிட்டேன்."

மழையில் கழுவிட்டுப் போகுமாம்! அந்தப் பெயிண்ட் மூன்று மாதம் உப்புத்தண்ணீரில் கிடந்தாலும் போகாது. தெரிந்த யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வராத யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

யார் அந்தப் பெண்? எனக்குக் கண்டுபிடித்துச் சொல். நவம்பர் பதினேழாம் தேதி, காலை பதினொரு மணி வாக்கில். அந்த வாரம் நான் யார்டில் இருந்திருந்தால் மேஸ்திரி என்னிடம்தான் வந்திருப்பார். நானோ உன் வீட்டில் அத்தைக்குக் கண் ஆபரேஷன் முடிந்து மணிக்கொரு தடவை சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. இரண்டாம் மிதவையின் சங்கிலிக்கும் இதே திருத்தத்தில் போட்ட தாள்தான். அதை மார்ச் இருபதில் இழுத்து இறுக்கப்போகிறார்கள். உன் அண்ணன் நின்ற இடத்தில் வேறு ஒருவன் நிற்பான். நிறுத்தச் சொல்.

அண்ணி

*

பிப்ரவரி 26

அண்ணிக்கு,

இரண்டாம் மிதவை பற்றி மேலாளரிடம் கேட்டேன். தாள்களை மறுபடி சரிபார்த்தாயிற்று என்கிறார். யார் பார்த்தார்கள் என்று கேட்டால் "ப்ராசஸ் படி" என்கிறார்.

அந்த போன் விஷயம். நவம்பரில் பழைய இணைப்பு இருந்தது, இப்போது மாற்றிவிட்டார்கள், அதனால் யாருக்குப் போனது என்று எடுப்பது கஷ்டம். நிறையப் பேர் அந்த வாரம் லீவில் இருந்தார்கள். பார்க்கிறேன்.

அம்மாவுக்கு இப்போது கண் நன்றாகத் தெரிகிறது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள். அண்ணனுக்கு ஒரு தலையணை வாங்கி அனுப்பியிருக்கிறேன், காலுக்கு அடியில் வைக்கிற மாதிரி.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 2

வாலுவுக்கு,

தலையணை வந்தது. நன்றாக இருக்கிறது. அதை வைத்து என் வாயை அடைக்க முடியாது.

ஒரு கண்ணியை நான் எப்படிப் பார்ப்பேன் தெரியுமா? முதலில் சுத்தியால் தட்டுவேன். நல்ல கண்ணி கணீரென்று சொல்லும். விரிசல் இருந்தால் சத்தம் மங்கும். உன் போன கடிதம் மங்கலாக இருந்தது. "எடுப்பது கஷ்டம்", "நிறையப் பேர்", "பார்க்கிறேன்". எட்டு வயதில் என் கல்யாணப் புடவையில் மை கொட்டிவிட்டு இதே மாதிரிதான் பேசினாய். யாரையோ காப்பாற்றப் பார்க்கிறாய். தோழியா? மேலதிகாரியா? பூசி மெழுகாதே. பெயரைச் சொல்.

எனக்கு எவ்வளவு கோபம் என்று உனக்குத் தெரியாது. நேற்றைய பேப்பரில் முதல் மிதவையின் வண்ணப்படம் அரைப்பக்கத்துக்கு வந்திருக்கிறது. கீழே உங்கள் இயக்குநர் சிரிக்கிறார். "சிறு தொழில்நுட்பத் தாமதம்" என்கிறார். உன் அண்ணன் கால் சிறு தாமதம். நான் வீட்டில் உட்கார்ந்திருப்பது சிறு தாமதம். கடைக்குப் போனால் யார்டுக்காரர்களின் வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். புருஷன் காலையே கவனிக்காதவள் என்று அவர்கள் நினைப்பது முதுகில் தெரிகிறது.

படகிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இருபதாம் தேதி இழுப்பதற்கு அவர்கள்தான் மேல்தளத்தில் நிற்கப்போகிறார்கள். ஒருவனுக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உன் அண்ணன் அவனிடம் "சங்கிலிக்கு நேரா நிக்காத, பக்கவாட்டுல நில்லு, எவன் சொன்னாலும் பக்கவாட்டுல நில்லு" என்று நான்கு தடவை சொன்னார். அவன் போன பிறகு என்னிடம், "பக்கவாட்டுல நின்னாலும் அடிக்கும். நான் பக்கவாட்டுலதான் நின்னேன்" என்றார்.

அந்தப் பெண் யார் என்று தெரிந்தால், மஞ்சள் இல்லாத கண்ணியை வெட்டினார்கள் என்பது நிரூபணமாகும். நிரூபணமானால் இரண்டாவதை நிறுத்தித்தான் ஆக வேண்டும். மேஸ்திரி சொன்னால் எடுபடாது, ஒப்பந்தக்காரர் அவரைத் தூக்கிவிடுவார். அந்தப் பெண் தானாக வாய் திறக்க வேண்டும். அவளிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு.

அண்ணி

*

மார்ச் 7

அண்ணிக்கு,

காட்டினேன். அவள் நாலைந்து தடவை படித்துவிட்டாள்.

போனை எடுத்தது நான்.

அம்மா ஆபரேஷனுக்காக அந்த வாரம் நான் வீட்டிலிருந்து வேலை செய்தேன், உங்களுக்குத் தெரியும். ஆபீஸ் அழைப்புகளை என் போனுக்கு மாற்றிவிட்டிருந்தார்கள். மேஸ்திரி கூப்பிட்டபோது சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பை வைத்து உட்கார்ந்திருந்தேன். அம்மா கட்டோடு படுத்திருந்தார்கள். நீங்கள் சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டேதான் அந்த மனிதரோடு பேசினேன்.

மஞ்சள் அடித்தவர் பத்தடி தூரத்தில் நிற்கிறார். "அண்ணி, 212-ல மஞ்சள் இல்லையாமே" என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருப்பீர்கள். ஒரே நிமிடத்தில் எந்த முனை என்று கேட்டிருப்பீர்கள். அன்றைக்கே தெரிந்திருக்கும். அண்ணன் இப்போது நடந்துகொண்டிருப்பார்.

ஏன் கேட்கவில்லை என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். வேலை விஷயத்தை யார்டுப் பரிசோதகரோடு வீட்டில் பேசக் கூடாது, அது முறையில்லை என்று மேலாளர் சொல்லியிருந்தார். அது உண்மைதான், ஆனால் அது காரணமில்லை. கேட்டால் மறுபடி சிரிப்பீர்களோ என்று இருந்தது. ஒரு மேஸ்திரி என்னிடம் கேட்கிறார், நான் சொல்கிறேன், அவர் செய்கிறார். அது எனக்குப் பிடித்திருந்தது. மழையில் கழுவிப்போயிருக்கும் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அந்தப் பெயிண்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. சொன்ன தொனி மட்டும் அவ்வளவு உறுதியாக இருந்தது.

பேசி முடித்ததும் நீங்கள் திரும்பி, "யாரு?" என்றீர்கள். "ஆபீஸ்" என்றேன். எனக்கு டீ கொடுத்தீர்கள்.

உங்கள் முதல் கடிதத்தில் அந்தக் கணக்கைப் படித்த நிமிடமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அப்புறமும் ஒன்பதாம் பக்கம், ஏழு பேர், முத்திரை என்று எழுதினேன். அவையெல்லாம் பொய்யில்லை. அதனால்தான் எழுத வசதியாக இருந்தது.

விசாரணை அதிகாரியிடம் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. பயமாக இருக்கிறது, அண்ணி. எப்படியும் சொல்லிவிடுவேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், எழுத வரவில்லை.

வாலு

*

மார்ச் 12

கடிதம் கிடைத்தது.

மூன்று நாள் உன் அண்ணனிடம் காட்டவில்லை. நேற்றுக் காட்டினேன். டி.வி.யை அணைத்துவிட்டுப் படித்தார். "மஞ்சளை நானும் பார்த்தேன்" என்றார். சங்கிலி படகின் உருளைமேல் ஏறும்போது உள்வளைவில் மஞ்சள் தெரிந்ததாம். "மஞ்சள்னா நீ பார்த்து ஓகே பண்ணதுன்னு நினைச்சேன். என் பொண்டாட்டி கை பட்டதுடான்னு பசங்ககிட்ட பெருமையா வேற சொன்னேன்."

எனக்கு எழுத வேறு ஒன்றும் இல்லை. என்னால் இப்போது உன் முகத்தைப் பார்க்க முடியாது. உனக்கு எத்தனை வயதில் நான் தலைவாரிவிட்டேன் என்றெல்லாம் யோசிக்கவும் பிடிக்கவில்லை.

இருபதாம் தேதி இழுக்கிறார்கள். இன்னும் எட்டு நாள் இருக்கிறது. நீ பயப்படுவதற்கு அதில் ஒரு நாள் எடுத்துக்கொள்.

அண்ணி

*

மார்ச் 17

அண்ணிக்கு,

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

விசாரணை அதிகாரி, எங்கள் மேலாளர், சட்டப் பிரிவிலிருந்து ஒருவர். நான் தொடங்கியதுமே சட்டக்காரர், "இது இப்போ தேவையில்லாத விவரம்" என்றார். நான் நிறுத்தவில்லை. போன் வந்த தேதி, நேரம், சொன்ன வார்த்தை, சமையலறைக் கதவு திறந்திருந்தது வரை சொன்னேன். அதிகாரி பேனாவை மூடிவிட்டு, அறையிலிருந்தே படகுக்குப் பேசினார். இருபதாம் தேதி வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். நேற்று மாலையே இரண்டாம் மிதவையின் சங்கிலிகளை நங்கூர முனையிலிருந்து எண்ணிப் பார்த்தார்கள். மஞ்சள் அடித்த கண்ணிகள் இரண்டு அப்படியே இருந்தன. அவற்றுக்குப் பதிலாக இரண்டு நல்ல கண்ணிகளை வெட்டியிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் மேலாளர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "உன்னை யாருமே கேக்கலையே, ஏன் சொன்ன?" என்று கேட்டார். அவர் கோபப்படவில்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இன்று காலை வரைவு அறிக்கை வந்துவிட்டது. உங்கள்மேல் இருந்த குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். இப்போது ஒரே காரணம்தான் இருக்கிறது: "தனியொரு பொறியாளரின் கவனக்குறைவும், அதை மறைத்த நடத்தையும்." மேலாளர் அந்தத் திருத்தத்துக்குக் கையெழுத்துப் போட்டது அதில் இல்லை. "தகவலுக்கு மட்டும்" முத்திரையும் இல்லை. என் அட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் இரண்டாம் தேதி கடைசி விசாரணை. அதற்கு முன் ஒப்புதல் கையெழுத்துப் போட்டுவிட்டால் அமைதியாக முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். போட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். மறைத்தேன் என்பது உண்மைதானே. இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

வாலு

*

மார்ச் 24

வாலுவுக்கு,

கையெழுத்துப் போட்டாயானால் உன் விரலை ஒடிப்பேன்.

எனக்கும் கடிதம் வந்தது. "மீண்டும் பணியில் சேரலாம்" என்று இரண்டு வரி. வருந்துகிறோம் என்ற ஒரு சொல் அதில் இல்லை. ஒன்றரை மாதம் புருஷன் காலை உடைத்தவள் என்று என்னை ஊரெல்லாம் நம்பவைத்துவிட்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு வா என்கிறார்கள். தப்பாக எழுதியதை எழுத்திலேயே திருத்திக் கொடுத்தால்தான் கேட்டுக்குள் கால் வைப்பேன் என்று பதில் போட்டுவிட்டேன்.

அந்த வரைவு அறிக்கையை உன் அண்ணன் எப்படியோ வாங்கிவிட்டார். படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தனியொரு பொறியாளராம்! முதலில் தனியொரு பரிசோதகர். அது எடுபடவில்லை என்றதும் தனியொரு பொறியாளர். எப்போது பார்த்தாலும் இவர்களுக்கு ஒரே ஓர் ஆள் வேண்டும், அதுவும் கீழே இருக்கிற ஆள். உங்கள் மேலாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டாரே, அந்தக் கை எங்கே போனது? சங்கிலிப் பட்டியலைத் திருப்பாமல் தாளை மட்டும் திருப்பினால் என்ன ஆகும் என்று அந்த ஏழு பேரில் ஒருவனுக்காவது தோன்றியதா? படகில் நிற்கிறவர்களிடம் மஞ்சள் என்றால் என்ன என்று பத்தொன்பது வருஷத்தில் யாராவது சொன்னார்களா? நானே சொல்லவில்லை. என் புருஷனிடமே சொல்லவில்லை. ஒரே வீட்டுக்காரர்கள் மூன்று பேர் ஆளுக்கொரு துண்டைக் கையில் வைத்திருந்தோம். பேசினால் முறையில்லை என்று சொல்லி வாயைக் கட்டிவிட்டு, இப்போது ஏன் பேசவில்லை என்று கேட்கிறார்கள்.

இதையெல்லாம் ஆறு பக்கத்துக்கு எழுதி அதிகாரிக்கு அனுப்பிவிட்டேன். அடிக்குறிப்பு இல்லை. என் பங்கையும் எழுதியிருக்கிறேன். உன் வீட்டிலிருந்து திரும்பிய அன்று "212 மாற்றப்பட்டது" என்ற டிக்கைப் பார்த்தேன், தலையாட்டினேன், போய்விட்டேன். நடந்து போய் அந்தக் கண்ணியைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மஞ்சள் இன்னும் அப்படியே இருப்பது தெரிந்திருக்கும். பார்ப்பதுதான் என் வேலை. நீ அந்த அறையில் எப்படிப் பேசினாய் என்று இதை எழுதும்போதுதான் கொஞ்சம் புரிந்தது. மேஸ்திரியும் சாட்சி சொல்ல வருகிறார். படகுக்காரர்கள் ஒன்பது பேர் என் கடிதத்தின் கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். குழந்தை பிறந்ததே, அவனும்தான்.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன்னை நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்றும் தெரியாது. உன் அண்ணன் மன்னித்துவிட்டார், அவர் அப்படித்தான், அவரைக் கேட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனால் என் நாத்தனாரைத் திட்ட வேண்டுமானால் நான் திட்டுவேன், அத்தை திட்டுவார். ஒரு கண்ணியைக் கையால் தொட்டுப் பார்க்காதவனெல்லாம் திட்டுவதற்கு அவள் ஒன்றும் நாதியற்றுக் கிடக்கவில்லை.

ஏப்ரல் இரண்டாம் தேதி நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். உன் அண்ணனுக்கு ஊன்றுகோல் பழகிவிட்டது. அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு நாற்காலி போடச் சொல்லி அதிகாரிக்கு எழுதியிருக்கிறேன். அதில் வந்து உட்கார். என்னோடு பேச வேண்டாம், நானும் உன்னோடு பேச மாட்டேன். உட்கார்.

அண்ணி